பதின்மூன்று ஆம்பியர்

மே 14, புதன்

காலை ஆறு மணிக்கு 229 வோல்ட். தென்மேற்குக் காற்று இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் தெரியும் பத்துக் காற்றாலைக் காற்றாடிகளில் மூன்றுதான் சுற்றுகின்றன.

துணை மின் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் ஆபரேட்டராக இருந்து, மணிக்கு மணி லாக் புத்தகம் எழுதிய கை இது. ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் வோல்டேஜ் எழுதாமல் ஒரு நாளைத் தொடங்க வரவில்லை. கூடத்திலேயே ஒரு மீட்டர் மாட்டி வைத்திருக்கிறேன். மகள் சுபிதா இதைப் பைத்தியம் என்கிறாள். மகள் சொல்லலாம். மருமகன் சொன்னால்தான் தப்பு.

இன்று கார் சார்ஜர் மாட்டி முடித்தார்கள். ஆரல்வாய்மொழிக்கும் காவல்கிணற்றுக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் பார்க்கும் செயலி ஒன்றில் "தாணுலிங்கம் இல்லம், 32 ஆம்பியர்" என்று சேர்த்தாயிற்று. ஓட்டல்களில் இருக்கும் பெரிய சார்ஜர் ஒரு மணி நேரத்துக்குள் காரை நிரப்பிவிடும். என்னுடையது சின்னது. இரண்டு மணி நேரமாவது உட்கார வேண்டும்.

"இவ்வளவு மெதுவா ஏத்துனா எவன் அண்ணாச்சி வருவான்?" என்றார் மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன்.

அவசரத்துக்கு வருவார்கள். வந்தால் உட்கார வராந்தாவில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன்.

மே 18, ஞாயிறு

231. மனைவி பகவதி போன் செய்தாள். ஒரு நிமிடம் நாற்பது விநாடி.

"சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன்."

"மாத்திரை?"

"போட்டேன்."

சார்ஜர் மாட்டியதைச் சொன்னேன். "நம்மகிட்ட காரே கெடையாதே" என்றாள். "வாறவங்களுக்கு" என்றேன். "சரி" என்றாள்.

சுபிதாவின் பிரசவத்துக்குத் துணையாகக் கோயம்புத்தூர் போனவள். நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த அதே மாதம். பேரன் சின்னப் பிள்ளை, விட்டுவிட்டு வர முடியாது.

மே 23, வெள்ளி

230. முதல் வண்டி வந்துவிட்டது! மார்த்தாண்டத்துக்காரர், பல் டாக்டர். மனைவியோடு மதுரைக்குப் போகிறார். காரிலிருந்து இறங்கும்போதே காரைத் திட்டிக்கொண்டு இறங்கினார்.

"அண்ணாச்சி, இதெல்லாம் வெறும் கண்கட்டு வித்தை கேட்டியளா. தூத்துக்குடியில நெலக்கரிய எரிக்கோம். அந்தக் கரண்ட்டுல காரை ஓட்டிட்டு சுத்தம், சுத்தம்னு சொல்லுதோம். நம்ம குப்பைய அடுத்தவன் வாசல்ல கொட்டிட்டு நம்ம வீடு சுத்தம்னு சொல்லுத மாதிரிதானே?"

"பெறவு எதுக்கு வாங்குனிய?"

"இவ வாங்கச் சொன்னா."

"நான் வாங்கச் சொல்லல. பெட்ரோல் போட்டு மாளலன்னு அழுதது யாரு?" என்றார் அந்த அம்மாள் காருக்குள்ளிருந்து.

நான் அவர்களைப் பின்பக்கம் கூட்டிப் போய்க் காற்றாடிகளைக் காட்டினேன். நிலக்கரி உண்டுதான், ஆனால் ஆனி, ஆடியில் இங்கே வந்து பாருங்கள் என்றேன். காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். அத்தனை கரண்ட்டையும் வாங்க ஆளிருக்காது. காற்றாடியை நிறுத்தச் சொல்லிப் போன் வரும். நானே எத்தனை தடவை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். பங்குனியில் ஊரே கரண்ட் கேட்கும்போது ஒரு இலை அசையாது. சேமித்து வைக்கத் தெரியாததுதான் நம் கோளாறு, காற்றின் கோளாறு இல்லை. இன்னும் என்னென்னவோ சொன்னேன். பல் டாக்டர் வாயைத் திறக்கவில்லை. மற்றவர் வாயையே பார்த்துப் பழகியவர், நன்றாகக் கேட்டார்.

ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் போய்விட்டார்கள். போன மாதம் முழுக்கப் பேசியதைவிட இன்று அதிகம் பேசியிருப்பேன். தொண்டை கட்டியிருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

232. பகவதி. இரண்டு நிமிடம் ஐம்பத்தைந்து விநாடி.

"ரேஷன் கார்டுல இருந்து என் பேரை எடுத்துருங்க. சுபிதா கார்டுல சேக்கணும்" என்றாள்.

"எதுக்கு?"

"இங்கதான இருக்கேன்."

"சரி" என்றேன்.

கார்டில் இரண்டே பேர். நான், அவள். எடுத்துவிட்டால் ஒரே பேர். சுபிதா வீட்டில் அரிசிக்கு என்ன தேவை வந்தது என்று தெரியவில்லை. நாளைக்கு இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும்.

ஜூன் 4, புதன்

233. நல்ல காற்று. பத்தும் சுற்றுகின்றன.

பெங்களூரிலிருந்து ஒரு கணவன் மனைவி, கன்னியாகுமரி பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இருவரும் கம்ப்யூட்டர் வேலை. மெதுவாக ஏற்றினால் பாட்டரிக்கு ஆயுள் கூடும். இது உண்மை, படித்திருக்கிறேன். சார்ஜரின் ஆம்பியரை, அதாவது ஏற்றும் வேகத்தை, என் போனிலிருந்தே கூட்டிக் குறைக்கலாம். அதனால் 16-ல் வைத்தேன். "ஏன் அங்கிள் இவ்வளவு ஸ்லோ?" என்று அந்தப் பெண் கேட்டாள். மத்தியானம் வோல்டேஜ் குறைவு.

மூன்றரை மணி நேரம் இருந்தார்கள். சோறு ஆக்கினேன். ரசம் நன்றாக இருந்தது என்று இரண்டு பேரும் சொன்னார்கள். அவன் இரண்டாம் முறை வாங்கிக் குடித்தான்.

இ-சேவை மையத்துக்குப் போக நேரமில்லை.

ஜூன் 8, ஞாயிறு

231. பகவதி. ஐம்பத்தெட்டு விநாடி. பேர் எடுத்தாயிற்றா என்று கேட்டாள். சர்வர் வேலை செய்யவில்லை என்றேன்.

பேரன் வேனில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டானாம். ஆனாலும் சின்னப் பிள்ளைதானே.

ஜூன் 13, வெள்ளி

232. யாரும் வரவில்லை.

ஜூன் 14, சனி

232. யாரும் வரவில்லை. நாற்காலிகளைத் துடைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

230. சர்வர் இன்னும் சரியாகவில்லை என்று சொன்னேன். "அப்படியா" என்றாள். நாற்பது விநாடி.

ஜூன் 19, வியாழன்

231. பெங்களூர்ப் பெண் செயலியில் எழுதியிருக்கிறாள்: சார்ஜர் மிக மெதுவு, அங்கிள் வைத்த ரசம் அருமை, ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். குறைந்த இரண்டும் சார்ஜருக்கு. ரசத்துக்குத் தனியாகப் போட வழி வைத்திருந்தால் ஐந்து வாங்கியிருப்பேன்.

இன்று வந்தவர் கொல்லத்து முந்திரி வியாபாரி. 13-ல் வைத்தேன். நாலே கால் மணி நேரம். மூன்று மணி நேரம் தூங்கினார். அதுவும் ஒரு துணைதான். குறட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தேன்.

ஜூன் 26, வியாழன்

232. காற்று பலம்.

காலை 9.40-க்கு ஒரு பெண் வந்தாள். பெயர் ஆஃப்ரீன். திண்டுக்கல்லில் பிறந்தவள், முப்பது வயது இருக்கலாம். தனியார் ராக்கெட் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். இன்று சாயங்காலம் 5.40-க்கு அவர்களுடைய முதல் ராக்கெட் கடற்கரை ஏவுதளத்திலிருந்து போகிறது. திருவனந்தபுரத்தில் ஏதோ சோதனை முடித்துவிட்டு அங்கே போகும் வழி. நாகர்கோவில் ஓட்டல் சார்ஜரில் ஆறு வண்டி வரிசை என்று இங்கே வந்திருக்கிறாள். பாட்டரியில் எட்டு சதவீதம். இன்னும் எண்பது கிலோமீட்டர் போக வேண்டும்.

"ரெண்டு மணிக்கு கேட்டை மூடிடுவாங்க அங்கிள். அதுக்கப்புறம் யாரையும் உள்ள விட மாட்டாங்க. ரெண்டு மணி நேரத்துல நாப்பது சதவீதம் ஏறிடுமா?"

"தாராளமா" என்றேன்.

வழக்கம்போல 13-ல் வைத்தேன். அரை மணி பேசிவிட்டுக் கூட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

காபி கொடுத்தேன். தனியார் விடும் ராக்கெட் எல்லாம் பணக்காரர்கள் விடும் பட்டாசு என்றேன். அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரித்தாள்.

"சர்க்கார் விட்டா கை தட்டுறீங்க, நாங்க விட்டா மட்டும் பட்டாசா? நாங்க அனுப்புறது ரெண்டு கையால தூக்குற அளவு சின்ன சாட்டிலைட். கடல்ல எங்க காத்து கிளம்புதுன்னு பார்க்கும். உங்க காத்தாடிக்காரங்களுக்கே நாளைக்கு எவ்வளவு காத்து வரும்னு சொல்லும்."

"ராக்கெட் எதுல ஓடுது?"

"மண்ணெண்ணெய். சிரிக்காதீங்க! எங்க அத்தா லாரி ஒர்க்‌ஷாப் வச்சிருக்கார். டீசல் வாடை இல்லாத வண்டி அவருக்கு வண்டியே இல்ல. சுத்தமான கார்ல போயி மண்ணெண்ணெயக் கொளுத்துறியேன்னு கேலி பண்ணுவார். எங்ககிட்டயும் இப்போதைக்குப் பதில் இல்ல அங்கிள். இன்னொரு பத்து வருஷம் குடுங்க."

அவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். ஒரு வால்வு. அது சரியான நொடியில் திறக்க வேண்டும், சரியான நொடியில் மூட வேண்டும். ஆறு வருடமாக அது ஒன்றுதான் வேலை. ராக்கெட் கிளம்பும்போது அந்த வால்வின் திரைக்கு முன்னால் அவள்தான் உட்கார வேண்டும். என்ன வேலை பார்க்கிறாய் என்று அம்மா கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாராம். இன்றைக்கு டிவியில் பார், மூன்றாவது வரிசையில் இருப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறாள். நானும் முப்பத்தோரு வருடம் திறப்பதும் மூடுவதும்தான் செய்தேன் என்றேன். மின்மாற்றி எண்ணெய் பற்றி, 92-ல் வந்த புயல் பற்றி, ஒரு தடவை லைனில் மயில் விழுந்தது பற்றிச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்டாள். கேள்வி கேட்கிற ஆளைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

11.40-க்குப் போனைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டாள். "அங்கிள், நாப்பது வந்திருக்கணும். இருபத்திரண்டுதான் இருக்கு!"

"வோல்டேஜ் இல்லம்மா. இந்தப் பக்கம் லைன் அப்படி."

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். முப்பத்தோரு வருடம் சோறு போட்ட லைன்.

அப்போதே 32-க்கு ஏற்றியிருக்கலாம். ஒரேயடியாக ஏற்றினால் அவள் போனில் அந்த எண் குதிக்கும். பார்த்துவிடுவாள். அதனால் உள்ளே போய் ஐந்து நிமிடத்துக்கு ஓர் ஆம்பியராகக் கூட்டினேன். 14, 15, 16. அவள் வெளியே போனில் யாரிடமோ "வந்துட்டே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு நடந்தாள். பிறகு உட்காரவே இல்லை.

12.50-க்கு முப்பத்து நான்கு சதவீதத்தோடு கிளம்பினாள். ஏசி போடாமல் மெதுவாகப் போனால் போதும் என்றாள். கிளம்பும்போதும் நன்றி சொன்னாள்.

போய்ச் சேர்ந்திருப்பாள். எண்பது கிலோமீட்டர்தானே.

சாயங்காலம் மாடியில் ஏறி நின்றேன். கிழக்கே காற்றாடிகளுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு நேராக ஏறி, கொஞ்சம் வளைந்து, மறைந்துவிட்டது. சத்தம் வந்ததா என்று தெரியவில்லை, காற்று அப்படி. உடம்பு சிலிர்த்துவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனை எடுத்தேன். வியாழக்கிழமை. பகவதியோடு பேசுவது ஞாயிறுதான். வைத்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

231. பேப்பரில் போட்டிருக்கிறார்கள். வெற்றி. கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். யாருடைய முதுகுக்குப் பின்னாலாவது மறைந்திருப்பாள்.

ஜூன் 28, சனி

229.

பதினொரு மணிக்கு அவள் கார் வந்தது. வயரை எடுத்துக்கொண்டு போனேன். "வேண்டாம், சார்ஜ் இருக்கு" என்றாள். உட்காரவில்லை. தண்ணீரும் வேண்டாம் என்றாள்.

இரண்டு இருபத்தைந்துக்குப் போயிருக்கிறாள். கேட் மூடியாயிற்று. அழுது பார்த்திருக்கிறாள், திறக்கவில்லை. அவர்கள் திறக்கவும் கூடாது. அவள் நாற்காலியில் வேறு ஒருவன் உட்கார்ந்தான். வால்வு சரியான நொடியில் திறந்தது, சரியான நொடியில் மூடியது. ஆறு வருடம் உழைத்தவள் திசையன்விளைப் பாதையில் ஒரு பஞ்சர் கடைக்கு முன்னால் நின்று பார்த்தாள். அம்மா டிவியில் தேடிவிட்டு, எங்கேம்மா இருக்கே என்று அவளிடமே போனில் கேட்டாராம்.

"இதப் பாருங்க அங்கிள்" என்று போனை நீட்டினாள். கார் எழுதி வைத்த கணக்கு. "வோல்டேஜ் இருநூத்து முப்பது. கடைசி வரைக்கும் இறங்கவே இல்ல. கரண்ட் மட்டும் பதிமூணு. அப்புறம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு படிக்கட்டு மாதிரி ஏறியிருக்கு. எந்த லைன் அங்கிள் இப்படி ஏறும்? கிராஃப் பார்த்தா எது தானா நடந்தது, எதுல ஆள் கை வச்சாங்கன்னு எனக்குத் தெரியும். என் வேலையே அதுதான்."

போனைத் திருப்பி அவளிடம் நீட்டினேன்.

"எதுக்கு? காசுக்காகவும் இல்ல. யூனிட்டுக்குத்தானே வாங்குனீங்க?"

"பேசிட்டிருந்தீங்கல்லா" என்றேன். "அதான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பேசணும்னு சொல்லியிருந்தா, திரும்பி வர்றப்ப ஒரு நாள் முழுக்க இங்க உக்காந்திருப்பேனே அங்கிள்" என்றாள். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்த டைரியைப் பின்னால் புரட்டினேன். ஜூன் 4 காலை 233 என்று நானே எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழேயே மத்தியானம் வோல்டேஜ் குறைவு என்றும் எழுதியிருக்கிறேன். நுணல் தன் வாயால் கெடுமாம், நான் கையால் கெட்டேன். லாக் புத்தகத்தில் தப்பாக எழுதினால் மேலே ஒரு கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. எல்லாப் பக்கத்திலும் போட்டேன். வோல்டேஜ் குறையவில்லை. சர்வர் கெடவில்லை. நான் இ-சேவை மையத்துக்குப் போகவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

வோல்டேஜ் பார்க்கவில்லை. பகவதி கூப்பிடும்வரை காத்திருக்காமல் நானே கூப்பிட்டேன். பயந்துவிட்டாள். "நெஞ்சு வலிக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"சர்வர் நல்லாத்தான் இருக்கு. நான்தான் போகல" என்றேன்.

"தெரியும்" என்றாள் பகவதி. "சுபிதா அன்னைக்கே போன்ல பாத்துட்டா."

சார்ஜர் விஷயத்தைச் சொன்னேன். 16, 13, ரசம், குறட்டை விட்ட முந்திரி வியாபாரி, ஆஃப்ரீன், பஞ்சர் கடை, எல்லாம். ஊம் கூடக் கொட்டாமல் கேட்டாள். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை பார்த்தேன்.

"வழியில போறவங்கள நிறுத்தி வைக்க இம்புட்டு வேலை பாத்திருக்கிய" என்றாள். "நான் முப்பது வருஷம் அங்கதான கெடந்தேன். ஒரு நாளு, ஒரு அஞ்சு நிமிஷம், இப்படி உக்காந்து பேசுனியளா? ஷிப்டுக்குப் போனிய, வந்திய, தூங்குனிய. நான் பெட்டியத் தூக்கிட்டு பஸ் ஸ்டாப்புல நிக்கச்சில, எதுக்குப் போறன்னு ஒரு வார்த்தை கேட்டியளா? நான் பிரசவம் பாக்கத்தான் போறேன்னா அம்புட்டுச் சேலையும் எதுக்கு எடுத்துட்டுப் போறேன்?"

வைத்துவிட்டாள். பதினோரு நிமிடம்.

அன்றைக்கு நான் அவளிடம் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

ஜூலை 2, புதன்

இ-சேவை மையத்துக்குப் போனேன். பத்து நிமிட வேலை. விண்ணப்பம் போட்டாயிற்று.

மத்தியானம் ஒரு வண்டி வந்தது. 32-ல் வைத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் போய்விட்டது. வந்தவர் காரை விட்டே இறங்கவில்லை. நானும் அவர் கண்ணாடியைத் தட்டவில்லை.

ஆஃப்ரீனுக்கு ஒரு கடிதம் எழுதி, கம்பெனி முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். மன்னித்துவிடுங்கள் என்று எழுதவில்லை. தாமதத்துக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது, லைனில் குறையில்லை, உங்கள் மேலதிகாரியிடம் இதைக் காட்டலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 9, புதன்

பேர் நீக்கியாயிற்று. நீக்கல் சான்றை மகள் போனுக்கு அனுப்பினால் போதும் என்றாள் மையத்தில் இருந்த பெண். தாளில் அச்சடித்துத் தரச் சொன்னேன். கார்டில் இனி என் பேர் மட்டும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ரயிலுக்கு டிக்கெட் போட்டேன். போக ஒன்று, மறுநாள் சாயங்காலம் திரும்ப ஒன்று.

ஜூலை 12, சனி. கோயம்புத்தூர்

காலையில் வந்து சேர்ந்தேன். பகவதிதான் கதவைத் திறந்தாள். இளைத்திருக்கிறாள், ஆனால் முகம் தெளிவாக இருக்கிறது. அதைப் பார்க்கக் கொஞ்சம் வலித்தது. சுபிதாவும் மருமகனும் பேரனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தார்கள். தாளைக் கொடுத்தேன். வாங்கி, கையை எட்ட நீட்டி வைத்துப் படித்தாள்.

"இதப் போன்ல அனுப்பியிருக்கலாமே."

"அனுப்பியிருக்கலாம்."

"பெறவு எதுக்கு இம்புட்டு தூரம்?"

ரயிலில் வரும்போது இதற்கு மூன்று பதில் தயார் செய்து வைத்திருந்தேன். மூன்றையும் விட்டுவிட்டேன். "நீ எதுக்குப் போனன்னு கேக்க வந்தேன்" என்றேன்.

அவள் உள்ளே போனாள். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

கல்யாணமான மறுவாரத்திலிருந்து தொடங்கினாள். எனக்குத் தெரிந்த ஆட்கள், தெரிந்த வீடு, ஆனால் பாதிக்கு மேல் நான் கேள்விப்படாத விஷயங்கள். நான் இருந்தபோது நடந்தவைதான். இரண்டு இடத்தில் "அப்படி இல்ல" என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன். ஒரு இடத்தில் அழுதாள். ஒரு இடத்தில் நானும். அவள் சொன்னது எதையும் இங்கே எழுதப்போவதில்லை.

சுபிதா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. பகவதி என்னோடு வருவதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயில்லை.

சாயங்காலம் ரயில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"கதை இன்னும் சுபிதா பொறந்ததுக்கே வரலியே" என்றாள்.

டிக்கெட்டை ரத்து செய்தேன்.